காதால் ஆடியவர்கள்: ஆடியோ கேம் சந்தையின் கதை

பார்வையற்றோர் ஆடக்கூடிய கம்ப்யூட்டர் கேம்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலகாலமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறார்கள்: வாங்குவதற்கு ஆள் இல்லை. கேட்டவுடன் நியாயமாகத்தான் தோன்றும். பெரிய நிறுவனம் ஒன்று ஒரு கேமுக்கு நூற்றுக்கணக்கான கோடி ரூபாயைக் கொட்டுகிற காலம் இது. போட்ட பணத்தை எடுக்க லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் வேண்டும். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தப் பதில் ஆட்டம் காண்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் பார்வையற்றவர்கள் என்று கொள்ளத்தக்கவர்கள் ஏறத்தாழ 4.3 கோடிப் பேர். நடுத்தர அல்லது கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 29 கோடிக்கும் மேல். 4.3 கோடி என்பது கனடாவின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். அப்படியிருந்தும் ஒலியை மட்டுமே கொண்டு ஆடும் ஆடியோ கேம்களைச் செய்தவர்கள், நூறுகளில் எண்ணிவிடக்கூடிய விற்பனையை நம்பித்தான் பெரும்பாலும் தொழில் நடத்தினார்கள். கோடிகளுக்கும் நூறுகளுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தை 'ஆள் இல்லை' என்ற இரண்டு சொற்களால் மூட முடியாது. ஐம்பது ஆண்டு வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. ஆடும் ஆசையும் ஆடத்தக்க ஆட்களும் எப்போதும் இருந்தார்கள். அவர்களுக்கும் கேமுக்கும் நடுவே இருந்த வழி திறந்தபோதெல்லாம் சந்தை பெருகியது, அடைபட்டபோதெல்லாம் சுருங்கியது. வழியைத் திறந்ததும் அடைத்ததும் கருவிகளும் விலையும் கடையும்தான்.

காதால் ஆடுவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதுமை இல்லை. 1922இல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டு அதைப் பந்தாக்கி கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரென்சனும் ஜெர்மனியின் செப் ரெய்ண்டிலும் 1946இல் கோல்பால் என்ற ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதன் பந்துக்குள் மணி ஒலிக்கும். 1964இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு தொலைபேசிப் பொறியாளர் பேஸ்பாலுக்குள் 'பீப்' ஒலிக்கும் கருவியை வைத்தார். பார்வையற்றோர் கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பை 1998இல் தில்லியில் நடந்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். பந்து கடினமான பிளாஸ்டிக், உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும். பந்துவீச்சாளர் 'ரெடி?' என்று கேட்க வேண்டும், மட்டையாளர் 'யெஸ்' என்று சொல்ல வேண்டும், 'பிளே' என்று குரல் கொடுத்த பிறகே பந்து கீழ்க்கையால் வீசப்பட்டுத் தரையோடு வரும். பந்துக்கு ஒலி கொடுத்ததும் ஆட ஆள் வந்துவிட்டார்கள், அணிகள் வந்துவிட்டன, நாடுகளும் வந்துவிட்டன.

கம்ப்யூட்டர் கேம்களின் தொடக்க காலத்தில் பார்வையற்றோருக்கென்று தனிச் சந்தை கிடையாது. காரணம், அது தேவைப்படவில்லை. 1976 வாக்கில் அமெரிக்க நிரலாளர் வில் கிரௌதர், தான் நேரில் இறங்கி வரைபடம் போட்ட கெண்டக்கி மாநிலக் குகைகளை மனத்தில் வைத்து 'அட்வெஞ்சர்' என்ற கேமை எழுதினார். அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் அதை விரித்தார். திரையில் படமே இல்லை. 'நீங்கள் ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள்' என்கிற மாதிரி வாக்கியங்கள் வரும், ஆடுபவர் 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்ய வேண்டும். 1980இல் இன்ஃபோகாம் நிறுவனம் 'ஸோர்க்' கேமை விற்பனைக்குக் கொண்டுவந்து இந்த வகையை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரப்பியது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய 'மட்' என்பதோ, ஒரே நேரத்தில் பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் உலகம். இவர்கள் யாரும் பார்வையற்றோரை நினைத்து எழுதவில்லை. ஆனால் எழுத்தை உரக்கப் படிக்கும் கருவிகள் அதே காலத்தில் வந்துகொண்டிருந்தன. டெனிஸ் கிளாட்டின் ஆராய்ச்சியிலிருந்து உருவான டெக்டாக் என்ற பேச்சுக் கருவியை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1984இல் விற்கத் தொடங்கியது. டாஸ் இயங்குதளத்தின் திரை வெறும் எழுத்துக் கட்டம். கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து அந்த எழுத்துகளை எடுத்துப் பேச்சுக் கருவிக்கு அனுப்பினால் போதும். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர், 1989இல் டாஸுக்கான 'ஜாஸ்' திரைவாசிப்பானை, அதாவது திரையிலுள்ள எழுத்தைப் பேச்சுக் கருவிக்கு அனுப்பும் மென்பொருளை, வெளியிட்டார். கம்ப்யூட்டரும் பேச்சுக் கருவியும் கைவசம் இருந்த பார்வையற்ற ஒருவர், கடையில் எல்லாரும் வாங்கிய அதே கேமை வாங்கி, எல்லாரும் ஆடிய அதே புதிரை ஆடினார். இன்றுவரை எழுத்துவழி மட் உலகங்களில் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் கணிசமாக இருப்பது அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

வழி அடைபட்டது படத்தால். எழுத்துக் கேம்கள் விற்காமல் போய், ஆக்டிவிஷன் வாங்கியிருந்த இன்ஃபோகாம் 1989இல் மூடப்பட்டது. 1990களின் நடுவில் விண்டோஸ் எங்கும் பரவியது. விண்டோஸில் திரை என்பது எழுத்துக் கட்டமாக இல்லாமல் புள்ளிகளால் வரையப்பட்ட படமாகிவிட்டது. திரைவாசிப்பான்களை எழுதியவர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். எழுத்தை வரையச் சொல்லி விண்டோஸுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் நடுவில் பிடித்து, திரையில் எங்கே என்ன எழுத்து இருக்கிறது என்ற நகல் ஒன்றைத் தாங்களே நினைவகத்தில் கட்டிக்கொண்டார்கள். 1995இல் வந்த விண்டோஸ் ஜாஸ் இப்படித்தான் கடிதத்தையும் கணக்குப் பட்டியலையும் படித்தது. ஆனால் கேம்கள் அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தவில்லை. வேகத்துக்காக டைரக்ட்எக்ஸ் என்ற மென்பொருள் அடுக்கின் வழியே வரைகலை அட்டையோடு நேராகப் பேசின. நடுவில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. எனவே வேலைக்குப் பயன்பட்ட அதே கம்ப்யூட்டர், கேமைத் திறந்ததும் ஊமையாகிவிட்டது. பார்வையற்றோரின் எண்ணிக்கை அந்த ஐந்தாறு ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை, அவர்களின் ஆர்வமும் குறையவில்லை. ஒரு பொறியியல் முடிவு அவர்களை வெளியே நிறுத்தியது. 'சிறிய சந்தை' பிறந்தது அந்த வாசலில்தான்.

அந்த வாசலில் கடை போட்டவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். பில் வ்லாசக், கார்ல் மிக்லா இருவரின் பி.சி.எஸ். கேம்ஸ், கனடாவில் டேவிட் கிரீன்வுட்டின் ஜி.எம்.ஏ. கேம்ஸ், அமெரிக்காவில் ஜஸ்டின் டாபன்மையரின் பி.எஸ்.சி. கேம்ஸ், தன் கேம்களை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்துவந்த ஜிம் கிச்சன் என்று, பெரும்பாலும் ஓரிருவர் வீட்டில் உட்கார்ந்து செய்த கைத்தொழில் இது. நிரலை எழுதுபவரே ஒலியைத் தேடுவார், நண்பர்களையும் குடும்பத்தாரையும் பிடித்துக் குரல் பதிவு செய்வார், வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்கும் அவரே பதில் எழுதுவார். விலை 30 டாலருக்குச் சற்று மேலும் கீழுமாக இருந்தது. பணம் கட்டினால் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் பொருந்தும் பதிவு எண் வரும், கம்ப்யூட்டர் பழுதானால் மறுபடி எழுதிக் கேட்க வேண்டும். பொதுக் கடைகளில் இந்தக் கேம்களுக்கு இடம் இல்லை. அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடக்கூடப் படம் இல்லாத சரக்கை எந்தக் கடைக்காரர் அடுக்குவார்? வாய்வழியாகத்தான் செய்தி பரவியது. விளம்பரம் இல்லாமல், கடை இல்லாமல், ஏறத்தாழ ஆயிரம் டாலர் விலையுள்ள திரைவாசிப்பானை ஏற்கெனவே வாங்கியிருப்பவரிடம் மட்டுமே போய்ச் சேரும் ஒரு பொருள் குறைவாக விற்றது என்றால், அதை வைத்து மக்களின் விருப்பத்தை அளக்க முடியாது.

இந்தச் சிறு பட்டறைகளில் நடந்த வேலையின் தரத்தைச் சொல்லாமல் போனால் வரலாறு பாதிதான். ஜி.எம்.ஏ. கேம்ஸ் 2001 வாக்கில் கொண்டுவந்த 'ஷேட்ஸ் ஆஃப் டூம்' என்பதை எடுத்துக்கொள்ளலாம். 'டூம்' என்ற புகழ்பெற்ற துப்பாக்கி கேமின் போக்கில், ஆராய்ச்சிக் கூடம் ஒன்றின் தாழ்வாரங்களில் அரக்கர்களை எதிர்த்து நடக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தால் காலடி ஓசை சுவரில் பட்டுத் திரும்புவதில் இடத்தின் அகலம் தெரியும். பக்கவாட்டில் வழி பிரிகிற இடத்தில் அந்தப் பக்கத்துக் காதில் காற்றின் இரைச்சல் எழும். எந்திரங்கள் தத்தம் இடத்தில் நின்று முனகும். இரண்டு முறை அந்த வழியாகப் போய்வந்தால் அந்த முனகலே அடையாளக் கல்லாகிவிடும். அரக்கன் மூச்சுவிடும் திசைக்குத் திரும்ப வேண்டும். மூச்சு இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும் நொடியில் சுட வேண்டும். இன்னும் எளிய உதாரணம் பி.எஸ்.சி. கேம்ஸின் 'ட்ரூப்பனம்'. வானிலிருந்து இறங்கும் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பழைய வகை கேம் அது. ஒலி இடக் காதில் கேட்டால் இடப்பக்கம் நகர்ந்து, அது நடுமண்டைக்கு வந்து நின்றதும் சுட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள் மூன்று திசையில் இறங்கும்போது எதை முதலில் வீழ்த்துவது என்று முடிவெடுப்பதில்தான் ஆட்டத்தின் சூடு.

இதில் ஒரு கடினமான முடிச்சு இருக்கிறது. இடமா வலமா என்பதைக் காது எளிதில் சொல்லிவிடும்; ஒலி எந்தக் காதுக்கு முதலில் வருகிறது, எதில் உரக்கக் கேட்கிறது என்பது போதும். முன்னாலா பின்னாலா என்பதுதான் சிக்கல். நேர் முன்னே நிற்பவனும் நேர் பின்னே நிற்பவனும் ஹெட்போனில் ஒன்றுபோலவே கேட்பார்கள். நிஜ வாழ்வில் தலையைக் கொஞ்சம் திருப்பியும், காதுமடல் ஒலியில் செய்யும் நுண்ணிய மாற்றத்தை வைத்தும் இதைப் பிரித்தறிகிறோம். சாதாரண ஹெட்போனில் அந்த உதவி கிடையாது. ஆடியோ கேம் செய்தவர்கள் இதற்குத் தங்களுக்குள் ஒரு மரபை உண்டாக்கிக்கொண்டார்கள்: பின்னால் இருக்கும் பொருளின் சுருதியைச் சற்று இறக்கிவிடுவது. இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஆனாலும் சிறிது நேரம் ஆடினால் காது அதைப் பழகிக்கொண்டு, 'மந்தமாக ஒலித்தால் முதுகுப்பக்கம்' என்று தானாகவே படித்துவிடும். ஓவியர்கள் தொலைவைக் காட்டக் கண்டுபிடித்த உத்திகளுக்கு எந்த வகையிலும் குறையாத கண்டுபிடிப்பு என்று இதை மதிக்கிறேன். இதைச் செய்ததற்காக யாருக்கும் பெரிய பரிசு கிடைக்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் பிலிப் பென்னஃபால் 2010களின் தொடக்கத்தில் பரவலாக்கிய பி.ஜி.டி. என்ற கருவித்தொகுப்பில், பின்பக்க ஒலியின் சுருதியை எவ்வளவு இறக்குவது என்பது நிரலாளர் நிரப்ப வேண்டிய ஓர் எண்ணாகவே இருந்தது. அந்தத் தொகுப்பைக் கொண்டு, முன்பு நிரலே எழுதியிராத பார்வையற்ற இளைஞர்கள் பலர் சொந்தமாகக் கேம் செய்தார்கள். வாடிக்கையாளரே தயாரிப்பாளரான இந்தத் திருப்பம் வேறு கேம் சந்தைகளில் அவ்வளவாக நடந்ததில்லை.

பெரிய நிறுவனம் ஒன்று துணிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. ஜப்பானில் 'டி' என்ற திகில் கேமால் பெயர்பெற்றிருந்த கென்ஜி எனோ என்ற வடிவமைப்பாளருக்குப் பார்வையற்ற ரசிகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவர் அவர்களைத் தேடிப் போய்ச் சந்தித்தார். கண்ணுக்காகச் செய்யப்பட்ட சண்டைக் கேம்களை, ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு எவ்வளவோ சிரமத்துடன் அவர்கள் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதன் விளைவாக அவருடைய வார்ப் நிறுவனம் 1997 ஜூலையில் செகா நிறுவனத்தின் சாட்டர்ன் கேம் கருவிக்காக 'ரியல் சவுண்ட்: கஸே நோ ரிக்ரெட்' கேமை வெளியிட்டது. திரை முழுக்கக் கறுப்பு. கதை நாடகமாக ஒலிக்கும். மணியோசை கேட்கும் இடத்தில் ஆடுபவர் அடுத்து என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வசனம் எழுதியவர் யூஜி சகமோட்டோ; 2023இல் 'மான்ஸ்டர்' படத்துக்காகக் கான் விழாவில் திரைக்கதைப் பரிசு பெற்றவர் இவரே. பெட்டியில் பிரெயில் எழுத்தில் கையேடு இருந்தது, ஒரு சிறு பொட்டலம் மூலிகை விதையும் இருந்தது. கேமை சாட்டர்னுக்கு மட்டும் தருவதற்கு எனோ விதித்த நிபந்தனைதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: செகா ஆயிரம் சாட்டர்ன் கருவிகளைப் பார்வையற்றோருக்குக் கொடையாகத் தர வேண்டும், கூடவே தன் பங்குக்கு ஆயிரம் கேம் பிரதிகளை அவர் தருவார். நல்ல கேம் செய்துவிட்டால் மட்டும் போதாது, கருவி கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். கருவி ஏற்கெனவே இருப்பவர்களிடம் மட்டும் விற்றுவிட்டு 'ஆள் இல்லை' என்று சொல்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். 1999இல் இதே கேம் செகாவின் அடுத்த கருவியான ட்ரீம்காஸ்டுக்கும் வந்தது. எனோ 2013இல் காலமானார். அவர் போட்ட வழியில் பெரிய நிறுவனங்கள் எதுவும் உடனே பின்தொடரவில்லை. அந்த வழி தவறானது என்று அதற்குப் பொருள் கொள்ள நான் மறுக்கிறேன்.

வழி மறுபடி திறந்தது இரண்டு நிகழ்வுகளால். ஒன்று விலை சார்ந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டெயும் பார்வையற்ற நண்பர்கள், சிறுவயதில் பார்வையற்றோருக்கான இசை முகாமில் சந்தித்துக்கொண்டவர்கள். 2006இல் கரன் தொடங்கி டெய் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் இலவசம். ஆயிரம் டாலர் கொடுக்க முடியாமல் இருந்த நாடுகளுக்கு அதுதான் முதல் நேர்மையான வாசல். இன்னொன்று கடை சார்ந்தது. 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ் கருவிக்குள்ளேயே வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் கூடுதல் கட்டணமின்றி இருந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டுக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வந்தது. அதுவரை பார்வையற்ற வாடிக்கையாளர் தேடிப் போய் வாங்க வேண்டிய பொருள், எல்லாரும் வாங்கும் அதே ஆப் கடையில் வைக்கக்கூடிய பொருளாயிற்று. 2010 டிசம்பரில் லண்டனைச் சேர்ந்த சம்திங் எல்ஸ் நிறுவனம் 'பாப்பா சாங்ரே'யை வெளியிட்டது. திரையின் கீழ்ப்பகுதியில் இடக்கால், வலக்கால் என்று மாற்றிமாற்றித் தட்டினால் நடக்கலாம், அவசரப்பட்டு வேகமாகத் தட்டினால் தடுக்கி விழ வேண்டியதுதான். உறங்கும் மிருகத்தின் அருகில் விழுந்தால் கதை முடிந்தது. பார்வையுள்ளவர்களும் பணம் கொடுத்து வாங்கி, இருட்டறையில் உட்கார்ந்து ஆடினார்கள். அடுத்து வந்த 'தி நைட்ஜார்' கேமுக்கு பெனடிக்ட் கம்பர்பாட்ச் குரல் கொடுத்தார், 2013இன் 'பாப்பா சாங்ரே 2' கேமுக்கு ஷான் பீன். பிரான்ஸின் லியோன் நகரில் டோவினோ நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி 2015இல் வெளியிட்ட 'எ பிளைண்ட் லெஜண்ட்', பார்வையிழந்த வீரன் ஒருவனைச் சிறுமியான அவன் மகள் குரலால் வழிநடத்தும் கதை. அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டது. நூறுகளிலிருந்து லட்சங்களுக்கு ஏறிய இந்தத் தாவலை விளக்க, உலகில் பார்வையற்றோர் திடீரென்று பெருகிவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். கடை மாறியது, அதனால் கணக்கும் மாறியது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது: 4.3 கோடி என்ற எண்ணை அப்படியே வாடிக்கையாளர் கணக்காக எடுக்கக் கூடாது. உண்மை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்; முதுமையில் பார்வையை இழந்து, கம்ப்யூட்டரையே தொட்டிராதவர்கள் அதில் ஏராளம். வேலை செய்யும் வயதில் இருப்போரிலும் நிலையான வருமானம் உள்ளவர்கள் குறைவு. அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலேயே நிலைமை அப்படித்தான். இவையெல்லாம் கழித்தால் எண் வெகுவாகச் சுருங்கும். ஆனால் கழிக்கும் காரணங்களைக் கவனியுங்கள். வேலை மறுக்கப்படுவது, கருவி கிடைக்காதது, கற்றுத்தர ஆளில்லாதது: இவற்றில் ஒன்றுகூட 'கேமில் விருப்பமில்லை' என்பதாக இல்லை. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 'எ பிளைண்ட் லெஜண்ட்' இலவசமாகக் கிடைத்தது, கூடுதல் உயிர்களுக்கு மட்டுமே பணம். பதிவிறக்கியவர்களில் பார்வையுள்ளவர்கள் எத்தனையோ பேர். பிறகு அதை எப்படிப் பார்வையற்றோர் சந்தையின் வெற்றி என்பது? என் பதில்: அந்தப் பிரிவினையே தேவையில்லாதது. 1980இல் 'ஸோர்க்' வாங்கியவர்களில் யாருக்குப் பார்வை இருந்தது என்று எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை. காதுக்காகச் செய்த நல்ல கேமைக் கண்ணுள்ளவரும் ஆடுவார், அவர் கொடுக்கும் பணத்தில் அடுத்த கேம் உருவாகும். 2003இல் சுவீடனின் பின் இன்டராக்டிவ் செய்த 'டெர்ராஃபார்மர்ஸ்' இரு தரப்பும் ஆடும்படி அமைந்தது. அந்த ஆண்டின் சுயாதீனக் கேம் விழாவில் ஒலியில் புதுமைக்கான பரிசை அது பெற்றது. கனடாவின் ஃபாலிங் ஸ்குரல் 2021இல் வெளியிட்ட 'தி வேல்' கேமில், பார்வையற்ற இளவரசி வாள்வீச்சு வரும் திசையைக் கேட்டறிந்து கேடயத்தைத் திருப்புகிறாள். அதுவும் பொதுக் கடைகளில்தான் விற்கப்பட்டது.

மூன்றாவது மறுப்பு இன்றைய காலத்துக்குரியது. பெரிய கேம்களே இப்போது பார்வையற்றோருக்கு இடம் கொடுக்கின்றன, தனியாக ஆடியோ கேம் எதற்கு என்கிறார்கள். 2010இல் அமெரிக்கா இயற்றிய தொடர்பு வசதிச் சட்டத்திலிருந்து வீடியோ கேம்களுக்குக் கிடைத்திருந்த விலக்கு 2018 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதன்பின் கேமுக்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வசதியை எல்லாரும் பயன்படுத்தும்படி செய்வது கடமையாயிற்று. 2020இல் நாட்டி டாக் நிறுவனத்தின் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. பார்வையே இல்லாதவர்கள் பக்கத்தில் யார் துணையும் இன்றித் தொடக்கம் முதல் முடிவு வரை அதை ஆடி முடித்தார்கள். 2023இன் 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' பார்வையற்றோர் கார் ஓட்டுவதற்கான ஒலி உதவிகளைக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஆலோசகராக இருந்தவர் பார்வையற்ற ஆட்டக்காரர் பிராண்டன் கோல்; அவர் 2024இல் மறைந்தார். இது பெரும் முன்னேற்றம், மனமார வரவேற்க வேண்டியது. ஆனாலும் ஆடியோ கேம்களின் தேவை இதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது அவசரம். படத்துக்காகக் கட்டப்பட்ட உலகத்தின் மேல் ஒலிக் குறிகளை ஒட்டுவது ஒரு வேலை. ஒலியிலிருந்தே உலகத்தைக் கட்டுவது வேறு வேலை. முன்னதில் ஆடுபவர் வழிகாட்டும் ஒலியைப் பின்தொடர்கிறார். பின்னதில் அவரே கேட்டு, ஊகித்து, வழி கண்டுபிடிக்கிறார். பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடிய பார்வையற்ற வல்லுநர்களின் காதும் அறிவும் எங்கே பயின்றன என்றும் கேட்க வேண்டும். எந்த ஒலி எதைக் குறித்தால் குழப்பம் வராது, ஒரே சமயத்தில் எத்தனை ஒலிகளைக் காது தாங்கும் என்ற அனுபவம் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்தது இந்தச் சிறு சந்தையில்தான்.

அந்த அனுபவத்தைத் தாங்கிய கேம்கள் பல இன்று கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது. ஒரே ஆள் நடத்திய பட்டறையில் அந்த ஆள் ஓய்வுபெற்றாலோ மறைந்தாலோ பதிவு எண் தருவதற்கு யாரும் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவரிடமே கேம் பூட்டிக்கொள்கிறது. பி.எஸ்.சி. கேம்ஸ் போலத் தங்கள் படைப்புகளை இலவசமாக விட்டுச் சென்றவர்கள் இந்த வகையில் பெரிய தொண்டு செய்திருக்கிறார்கள். பி.ஜி.டி.யில் செய்த கேம்களைப் பிற்கால வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் தவறாகத் தீங்குநிரல் என்று கருதித் தடுத்தன. 'பாப்பா சாங்ரே' கூடப் புதிய ஐபோன்களுக்கு ஏற்பத் திருத்தப்படாமல் ஆப் கடையிலிருந்து விலக்கப்பட்டது. சினிமாச் சுருளுக்கும் பழைய இசைத்தட்டுக்கும் காப்பகங்கள் இருக்கின்றன. ஒலியால் ஆன இந்த உலகங்களையும் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்த்துவைக்கத் தொடங்க வேண்டும். இன்னும் தாமதித்தால் இந்த வரலாற்றை எழுதுபவர்களுக்குப் பெயர்கள் மட்டுமே மிஞ்சும்.

இன்னும் ஒரு வாசல் திறக்கப்படாமல் இருக்கிறது: மொழி. இந்தக் கட்டுரையில் சொன்ன கேம்கள் ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு என்று சில மொழிகளில் உருவானவை. படக் கேமை மொழி தெரியாதவரும் ஓரளவு ஆடிவிடலாம், ஆடியோ கேமில் அது நடக்காது. குரல் சொல்வது புரியாவிட்டால் முதல் அறையிலேயே நின்றுவிட வேண்டியதுதான். உலகின் பார்வையற்றோரில் ஏறத்தாழ 90 லட்சம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். கருவி சார்ந்த தடை தமிழில் பெரும்பாலும் நீங்கிவிட்டது. என்.வி.டி.ஏ. தமிழில் இயங்குகிறது, தமிழைப் படிக்கும் இலவசச் செயற்கைக் குரல் இருக்கிறது, குறைந்த விலை ஆண்ட்ராய்டு போனிலும் திரைவாசிப்பான் உண்டு. ஒலியால் கதை சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. இலங்கை வானொலியின் நாடகங்களையும் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரங்களையும் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. படமே இல்லாமல் 'திருவிளையாடல்' வசனத்தை ஊரே ஒலிபெருக்கியில் கேட்டு மனப்பாடம் செய்த தமிழ்நாடு இது. வானொலிக்குக் குரல் கொடுத்தவர்களும், சென்னையிலும் கோவையிலும் கேம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இளைஞர்களும், பார்வையற்ற தமிழ் நிரலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு நல்ல தமிழ் ஆடியோ கேமைச் செய்துவிட முடியும். 'ஆள் இருக்கிறதா' என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் கேமைச் செய்து, அதை எல்லாரும் வாங்கும் கடையில் வையுங்கள்.